சிலிக்கன் அடிச்சா சரி வராது

மாரி தொடங்கினால் எங்கட பக்கத்துக் கராஜ் ஒன்றில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எப்படியும் வந்து நிற்கும். முறைப்பாடு ஒன்றுதான்: "சன்ரூப் ஒழுகுது பாஸ்." அநேகமாக அது ஒரு ஹொண்டா பிரிலூட்டாக இருக்கும், இல்லாட்டி அந்தக் காலத்து வேறொரு இரண்டு கதவு கார். 1978இல் முதல் பிரிலூட் வந்தபோதே மின்சாரத்தில் திறந்து மூடும் சன்ரூப்போடுதான் வந்தது. ஆக இந்தச் சாமானுக்கு எங்களை விட வயசு கூட.

கிடைக்கிற பதிலும் அநேகமாக ஒன்றுதான். கண்ணாடியைச் சுற்றி சிலிக்கன் அடி, இனித் திறக்காத, முடிஞ்சுது. செலவு குறைவு, அரை மணித்தியால வேலை. இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேணும். சன்ரூப்பைச் சுற்றியுள்ள றப்பர் தண்ணீரை முழுசாக மறிப்பதற்குச் செய்யப்பட்டதில்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிவர ஒரு பீலி இருக்கு, எங்கட வீட்டுக் கூரைக்கு இருப்பது மாதிரி. அதன் மூலைகளில் இருந்து மெல்லிய குழாய்கள் காரின் தூண்களுக்குள்ளால் இறங்கி நிலத்தில் தண்ணீரை விடும். அந்தக் குழாய் அடைபட்டால்தான் கார் ஒழுகும். எங்கட கடற்கரையில் காற்றோடு வரும் மணலும், மரத்துக்குக் கீழே நிறுத்தும்போது விழும் சருகும் அடைப்பதற்குப் போதும்.

சிலிக்கன் அடித்தால் என்ன நடக்கும்? அடைப்பு அப்படியே இருக்கும். சிலிக்கன் வெயிலில் ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்த உடனே தண்ணீர் திரும்ப இறங்கும், போக வழியில்லாமல் பீலியில் தேங்கும். உப்புக் காற்று இருக்கும் ஊரில் தேங்கின தண்ணீர் என்றால் கறள் என்றுதான் அர்த்தம். பீலி நிரம்பினால் தண்ணீர் கூரைத் துணியில் ஊறி, தூண் வழியே காலடிக் கார்ப்பெட்டுக்கு வரும். அந்தக் காலத்து ஹொண்டாக்கள் பலவற்றில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் இருக்கு. கூரையில் தொடங்கின ஒழுக்கு எஞ்சினை நிறுத்துவது இப்படித்தான்.

சரியான வேலை கஷ்டமானதில்லை, பொறுமையானது. கண்ணாடியைத் திறந்து மூலையில் ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்க்க வேணும். கீழே வந்தால் குழாய் நல்லம். வராவிட்டால் தடித்த தங்கூசியை உள்ளே விட்டுத் துழாவ வேணும். அது மீன்பிடிக்கிற ஊர்களில் எந்தக் கடையிலும் கிடைக்கும். காற்றழுத்த பைப்பை வைத்து ஊதினால் தூணுக்குள்ளே குழாய் மூட்டில் இருந்து கழன்றுவிடலாம், பிறகு உள் அலங்காரம் முழுவதையும் கழற்ற வேண்டி வரும்.

அடுத்தது கண்ணாடியின் உயரம். பொதுவான கணக்கு, முன் விளிம்பு கூரையோடு சமம் அல்லது ஒரு மில்லிமீட்டர் தாழ்வு. பின் விளிம்பு சமம் அல்லது ஒரு மில்லிமீட்டர் உயர்வு. முன்பக்கம் உயர்ந்து நின்றால் ஓடும்போது காற்று அதில் மோதி இரையும். பழைய ஹொண்டாவில் தாங்கியின் போல்ட்டைத் தளர்த்தி, மெல்லிய தகடு வைத்தோ எடுத்தோ இதைச் சரிசெய்யலாம். கண்ணாடி பாதியில் நின்றால் உடனே "மோட்டார் போயிற்று" என்று முடிவெடுக்கவும் தேவையில்லை. மோட்டாரில் வழுக்கும் கிளச் ஒன்று இருக்கு. அது தளர்ந்திருக்கலாம், அல்லது தண்டவாளத்தில் காய்ந்த கிறீஸும் மணலும் கட்டியாகியிருக்கலாம்.

"நாட்டில் எவ்வளவு பிரச்சினை இருக்கு, ஸ்போர்ட்ஸ் காரின் கூரைக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் புதுக் கார் எங்கட ஆக்களில் பெரும்பாலானோருக்கு எட்டாது. இருக்கிற வாகனத்தை ஓட வைப்பதுதான் வழி. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடினாலும் முப்பது வருசப் பழைய சன்ரூப்பின் பிளாஸ்டிக் துண்டு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் இதில் கடினமான பரீட்சை, அவ்வளவுதான். அதைத் திருத்தத் தெரிந்தவருக்கு வேனும் ஓட்டோவும் பெரிய விஷயமில்லை.

இன்னொரு வாதமும் இருக்கு: வாடிக்கையாளர் சல்லி தரமாட்டார், அதனால்தான் பாஸ் சிலிக்கன் அடிக்கிறார். இது உண்மை. அதனால்தான் பழியை பாஸ்மாரில் மட்டும் போட நாங்கள் தயாரில்லை. இரண்டு மணித்தியாலம் குனிந்து குழாய் துழாவினதுக்குக் கூலி கேட்டால் "ஒரு சாமானும் மாத்தலையே, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தானே. சாமானுக்கு விலை கொடுக்கிறோம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். பிறகு அந்த அறிவுள்ளவர் கட்டாருக்கோ சவூதிக்கோ போனால் ஊரில் நல்ல பாஸ் இல்லை என்று கவலைப்படுகிறோம்.

ஒலுவிலில் கலைப்பீடத்தில் படிக்கும் எங்களுக்கு இதில் என்ன வேலை? இருக்கு. உயர்தரத்தில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தும், கராஜ் என்பது படிப்பு வராதவன் போகிற இடம் என்ற பேச்சு எங்கட வீடுகளில் போகவில்லை. அந்தப் பேச்சை மாற்றுவதும் எழுத்து வேலைதான். ஒவ்வொரு பாஸும் பல வருசமாகக் கையால் அறிந்து வைத்திருப்பது தமிழில் எங்கேயும் எழுதப்படவில்லை என்றால், அது அவரோடு போய்விடும். வாய்மொழிக் கதைகளையும் நாட்டார் பாடல்களையும் தொகுக்கப் பழகுகிற நாங்கள், ஒரு பின்னேரம் கராஜில் இருந்து இதையும் கேட்டு எழுதலாம்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் சன்ரூப் உள்ள வாகனம் இருந்தால் மழை தொடங்க முதல் அந்த ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்க. கீழே வராவிட்டால் பாஸிடம் கொண்டு போங்க, சிலிக்கன் வேணாம் என்று சொல்லுங்க. அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் குடுங்க.