இடிக்காமல் விட்டால் காத்ததாகிவிடுமா?

ஜனக்புரியில் ஆய்வு மாணவர்கள் கூடியிருந்த ஒரு மாலையில், சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பற்றிப் பேசினேன். "வெள்ளைக்காரன் மருந்துக்கடைக்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்றார் நண்பர் ஒருவர். அவை நகைத்தது. அந்நகைப்புக்கே இம்மறுப்பு.

1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனத்தின் மருந்து வணிகத்துக்காக எழுந்த கட்டடம்தான் அது, மறுக்கவில்லை. மினார்களும் குவிமாடங்களும் வளைவுகளும் நுண்வேலைப்பாடுகளும் விரவிய அதன் முகப்பை வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். ஆனால், அவ்வேலைப்பாட்டைச் செய்த கைகள் எவருடையவை? பொருள் தந்தவன் பெயரால் மட்டுமே கலைக்கு உரிமை கணிப்போமாயின், பெரிய கோயிலிலும் அரசனைத் தவிர எவருக்கும் பங்கில்லை என்றாகும். மேலும், 1934இல் அது பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபின் பொதுச்சொத்தாயிற்று. இன்னும் 'வெள்ளைக்காரன் கடை' என்பது வரலாற்றை அதன் முதற்பக்கத்தோடு மூடிவைப்பதாகும்.

2006இல் இடிப்பு தொடங்கியது. இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாதென்றது. நாம் வென்றுவிட்டதாக எண்ணி அமைந்தோம். கட்டடமோ பூட்டிக்கிடந்து சிதைந்தது. நீதிமன்றத் தடை கடப்பாரையை நிறுத்தும். மழைநீரையும் சுவரைப் பிளக்கும் ஆலங்கன்றையும் நிறுத்தாது.

"அண்ணா சாலை நிலத்தின் மதிப்பென்ன தெரியுமா?" என்பது அடுத்த வாதம். தெரியும். பழுதுபார்த்து வாடகைக்கு விட்டால் அந்நிலம் வருவாய் தராதா? வணிகத்துக்காகப் பிறந்த கட்டடத்தை வணிகத்துக்கே மீட்பதில் என்ன தடை? மீட்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்பது பாதுகாப்பு அன்று; தவணை முறையிலான இடிப்பு.

ஆய்வாளராகிய நம் பங்கும் இதில் உண்டு. மதுரைக்காஞ்சியின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் வகுப்பில் வியந்து கற்பிக்கிறோம். அவ்வங்காடிகளின் சுவரொன்றும் நமக்கு எஞ்சவில்லையே என வருந்துகிறோம். கண்முன் நிற்கும் கடைத்தெருவை ஆவணப்படுத்த மட்டும் நமக்கு நேரமில்லை. கோயிலும் கோட்டையும் மட்டுமே வரலாறு என்ற நம் பாடத்திட்டமே, வணிகக் கட்டடங்களை இடிப்போருக்கு முதற்சான்றிதழ் வழங்குகிறது.

நகைத்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் சென்னை செல்லும்போது அம்முகப்பின்முன் கால்மணி நேரம் நில்லுங்கள். படம் எடுங்கள், அங்கே தொழில் செய்தோரைத் தேடி அவர்கள் நினைவுகளைப் பதிவுசெய்யுங்கள். அதன்பின்னும் நகைப்பு வருமாயின், நகையுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.