கேட்காத பாட்டுக்குக் காசா? போன் பில்லைப் பார்க்காமல் கட்டாதீர்கள்!

ஐம்பது ரூபாய்க்கு 'டாப்-அப்' போட்டால் மறுநாள் இருபதுதான் மிச்சம்! "நான் யாருக்கும் பேசவே இல்லையே சார், காசு எங்கே போச்சு?" என்று கடைக்காரரிடம் சண்டை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் தெருவுக்குத் தெரு கேட்ட புலம்பல் இது.

காசு போன இடம் காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர். கை தவறி ஒரு பட்டனை அழுத்தினாலே சந்தாதாரர்!

இதற்குக் கடிவாளம் போட 'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொன்ன பிறகே காசு பிடிக்கலாம். '24 மணி நேரத்துக்குள் நான் கேட்கவில்லை' என்று அவர் சொன்னால், கேட்டதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் காசு வாபஸ். சேவையை நிறுத்த 155223 என்ற எண்ணும் வந்தது.

கம்பெனிக்கு என்ன லாபம்?

பங்குதான்! யாரோ விற்கும் சரக்குக்குப் போன் கம்பெனி ஏன் வசூல் செய்கிறது என்பது அமெரிக்காவில் வெட்டவெளிச்சமானது. கேட்காத ஜோசியத்துக்கும் ரிங்டோனுக்கும் பில்லில் மாதம் 9.99 டாலர் ஏறியது. அதில் குறைந்தது 35 சதவீதத்தை ஏ.டி. அண்டு டி. கம்பெனி எடுத்துக்கொண்டதாக அரசு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2014-ல் 10½ கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்துக் கம்பெனி சமாதானம் ஆனது. அதில் 8 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர!

வேலியே விளைச்சலில் பங்கு வாங்கினால் பயிரை யார் காப்பது?

கோர்ட்டுக்குப் போகலாமா?

தாராளமாக. டெலிபோன் பில் தகராறுக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. 2022 பிப்ரவரியில் கதவு திறந்தது. செல்போன் கம்பெனி மீதும் அங்கே வழக்குப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது.

முதலில் 198-க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போது 'ஆப்' வாங்கும் காசையும் போன் பில்லிலேயே சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. ஆகவே பில்லை வரி வரியாகப் பாருங்கள். "பத்து ரூபாய்தானே, போனால் போகிறது" என்று ஒருவர் விட்டால் பத்து ரூபாய். லட்சம் பேர் விட்டால் பத்து லட்சம்!