கோலிக்காகப் பாட்டிலை உடைக்காதீர்கள்

சிறுமலை எலுமிச்சையைப் பிழிந்து சோடா குடித்து வளர்ந்த திண்டுக்கல்காரர்களுக்குக் கோலி சோடா பாட்டில் புதிதல்ல. 1872-இல் ஆங்கிலேயர் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: உள்ளிருக்கும் வாயு, கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும். பழைய கோலி சேர்ப்பவர்கள் நிறத்தில் மயங்கக் கூடாது. தழும்பைத் தேட வேண்டும். ஜெர்மனியின் லௌஷாவில் கண்ணாடிக் கம்பியை வெட்டிக் கையால் உருட்டிய கோலியில், வெட்டிய இடம் விரலுக்குத் தட்டுப்படும். இயந்திரக் கோலியில் அது இருக்காது. சோடா கோலியோ வண்ணச் சுழி எதுவுமில்லாத வெறும் கண்ணாடி உருண்டை. தனியே எடுத்தால் பெரிய மதிப்பில்லை. பாட்டிலோடு இருந்தால்தான் அதற்குச் சரித்திரம். பழைய இரும்புக் கடையில் முழுப் பாட்டில் கண்ணில் பட்டால், உடைக்காமல் வாங்கி வையுங்கள்.