ஐம்பது கையொப்பங்கள்

நாம் குடியேறி வாழும் இப்புனே நகரில், வாக்குரிமை என்பதே இல்லாத காலத்தில் மக்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்துகொண்டனர். பார்வதி மலைக் கோயில் நிர்வாகம் பற்றிய முறையீட்டிலிருந்து முளைத்தது சார்வஜனிக் சபை. 1870 ஏப்ரல் 2-ஆம் நாள் கணேச வாசுதேவ ஜோஷி முதலியோர் நிறுவினர். குறைந்தது 50 பேர் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் பெற்றவரே அதில் உறுப்பினராகலாம். சுமார் 6,000 பேர் சார்பில் 95 பேர் அமர்ந்தனர். 1876-78 பஞ்சத்தின்போது கிராமங்களின் நிலையைத் திரட்டிச் சர்க்காரிடம் எடுத்துரைத்ததும் அச்சபையே.

இன்று வாக்குரிமை அனைவர்க்கும் உண்டு. எனினும் 2022 மார்ச்சுக்குப் பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக இம்மாநகராட்சி, தேர்ந்தெடுத்த உறுப்பினரின்றி அதிகாரியால் நடத்தப்பட்டது. நம்மில் எத்தனை பேர் ஏனென்று கேட்டோம்?

இத்தாலியில் 1970-இல் ஒரே காலத்தில் தோன்றிய மாகாண ஆட்சிகளை ஆராய்ந்த ராபர்ட் புட்னம், பாடற்குழுக்களும் பந்தாட்டக் கழகங்களும் மலிந்த பகுதிகளில் ஆட்சி செம்மையுற்றதென 1993-இல் எழுதினார். கூடிப் பழகியவர்க்கே கேட்கவும் துணிவு வரும்.

அன்பர்களே, நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருத்தல் சிறு குறையன்று. அங்கு கணக்குக் கேட்டுப் பழகுவோம். நகரசபையிலும் கேட்க நாவெழும்.