கழன்று ஓடும் சக்கரம்: குற்றவாளி டிரைவர் மட்டும்தானா?



நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் சக்கரம் கழன்று ஓடுகிறது. டயரும் ரிம்மும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. எதிரே வருபவர் யார், எந்த ஊர், எந்த மதம் என்று அது பார்ப்பதில்லை. மறுநாள் 'டிரைவரின் கவனக்குறைவு' என்று செய்தி வரும். அத்தோடு விவகாரம் முடிந்துவிடும்.

முடியலாமா?

சக்கரம் திடீரென்று கழல்வதில்லை. அதை ஹப்போடு பிடித்து வைப்பது நட்டுகளின் இறுக்கம். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே துருவோ மண்ணோ தடித்த பெயிண்டோ இருந்தால், ஓட ஓட அது நசுங்கி இறுக்கம் குறையும். ஒரு நட்டு தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துப் போல்ட்டுகளில் விழும், அவையும் முறியும். அதனால்தான், சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். குழாயைச் செருகி ஏறி மிதிப்பது இறுக்கமல்ல. போல்ட்டை இழுத்துப் பலவீனமாக்கும் வேலை. டார்க் ரென்ச் கொண்டு தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி தகுதிச் சான்று இல்லாமல் லாரி ஓடக்கூடாது. ஆனால் எப்.சி. ஒருநாள் பரிசோதனை, லாரி ஓடுவதோ ஆண்டு முழுவதும்! எப்.சி.க்கு நல்ல டயரைக் காட்டிவிட்டு மறுநாள் மொட்டை டயரை மாட்டினால் யாரை ஏமாற்றுகிறோம்?

குறையுள்ள வண்டியை ஓட்டுவதற்கு 2019 திருத்தம் வைத்த அபராதம் 1,500 ரூபாய்தான்! கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைப் பாருங்கள். சக்கரம் கழன்று உயிர்கள் பறிபோன பின், 1997-ல் அங்கே சட்டம் வந்தது. வர்த்தக வாகனத்தின் சக்கரம் சாலையில் கழன்றாலே வண்டியை நடத்துபவர் குற்றவாளி. 'கவனமாகத்தான் பராமரித்தோம்' என்ற வாதம் செல்லாது. அபராதம் 2,000 முதல் 50,000 டாலர் வரை. பொறுப்பு முதலாளியின் வாசலுக்குப் போனது.

இங்கும் அதுவே தேவை. சக்கரம் மாட்டியது யார், மறுபடி இறுக்கியது எப்போது என்ற பதிவேடு ஒவ்வொரு லாரிக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அதற்கு உரிமையாளரே பதில் சொல்ல வேண்டும்.

வியாபாரப் பெருமக்களே! அளவுக்கு மீறிய பாரம் டயரையும் அச்சையும் போல்ட்டையும் சேர்த்தே தின்னும். 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் செய்தவருக்கும் இது பொருந்தும். ஒரு நடையை மிச்சப்படுத்த இன்னும் பத்து மூட்டை ஏற்றச் சொல்லும் நாம், அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியுமா?

இளைஞர்களே! டிரைவராகவும் கிளீனராகவும் பஞ்சர் கடையிலும் உழைப்பவர்கள் நீங்கள். நட்டைச் சுற்றித் துரு வடிந்த கோடு தெரிந்தால் அது எச்சரிக்கை. அந்த வண்டியை எடுக்க மறுத்தால் அது கோழைத்தனமல்ல. அப்படி மறுப்பவர் வேலை இழக்காமல் காப்பது சங்கங்களின் கடமை.

சாலையில் செல்பவரின் உயிர் நம் கையில் உள்ள அமானிதம். அடுத்த லோடு கிளம்பும் முன் எடையைக் கேளுங்கள், நட்டைப் பாருங்கள்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!