சேர்த்து வைப்பது சேவையாகாது

கணவனிடம் அடிபட்ட ஒரு பெண் உதவி கேட்டு எந்தக் கதவைத் தட்டினாலும், காயத்தைப் பற்றிய கேள்விக்கு முன்பாகவே வேறொரு கேள்வி வந்து நிற்கிறது: "சேர்ந்து வாழ விருப்பம் உண்டா?" காவல் நிலையத்தில் அது அறிவுரையாக வருகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் கட்டளையாக வருகிறது. பிறந்த வீட்டில், மணமாகாத தங்கையையும் முதுமையையும் காட்டிக் கண்ணீராக வருகிறது. சொல்லும் வாய்கள் வேறு வேறு. அவை அனுப்பிவைக்கும் இடம் ஒன்றே: அவள் தப்பி வந்த அதே வீடு.

இதைத்தான் இந்தியச் சமூகம் குடும்ப வன்முறைக்கு எதிரான 'ஆதரவு' என்று நெடுங்காலமாக அழைத்து வருகிறது. இது ஆதரவன்று. அடிப்பவனுக்கு அடிபடுபவளைத் திருப்பி ஒப்படைக்கும் ஏற்பாடு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள, மணவாழ்வு கண்ட பெண்களில் 29 சதவீதத்தினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். எவரிடமிருந்தாவது இத்தகைய வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதத்தினர் மட்டுமே. 77 சதவீதத்தினர் உதவியும் கேட்கவில்லை, எவரிடமும் வாய்திறக்கவுமில்லை. இந்த மௌனத்தை அறியாமை என்று விளக்குவோர் உண்டு. பெண்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்பது அவர்களின் தீர்வு. ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாழ்விலிருந்து அறிந்தவளே வாயை மூடிக்கொள்கிறாள். அவளுடைய மௌனம், கிடைக்கும் ஆதரவின் தரத்தை அளந்து பார்த்தபின் எடுத்த முடிவு.

சட்டம் இவ்வாறு எண்ணவில்லை என்பதே இதிலுள்ள வேதனை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், தண்டனையை மட்டும் நம்பிய பழைய பாதையிலிருந்து விலகியது. பாதுகாப்பு ஆணை, வசிப்பிட உரிமை, பண நிவாரணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஆணை ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்க வழி செய்தது. அந்த மனுவோடு அவள் தனியாக அலையக் கூடாது என்பதற்காகவே பாதுகாப்பு அலுவலர், சேவை வழங்கும் அமைப்புகள், காப்பகம், மருத்துவமனை ஆகியவற்றை ஒரு வலையாகப் பின்னியது. முதல் விசாரணையிலிருந்து 60 நாள்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் முயல வேண்டும் என்றும் கூறியது.

அந்த வலையின் இழைகள் இன்று எப்படி இருக்கின்றன? பல மாநிலங்களில் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு, ஏற்கெனவே வேறு பணியில் மூழ்கியிருக்கும் ஓர் அலுவலரின் தலைமீது ஏற்றிய 'கூடுதல் பொறுப்பு'. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதத்தில், மாவட்ட, வட்ட அளவில் இந்த அலுவலர்களை அடையாளம் கண்டு நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் அச்சாணியை வண்டியில் பூட்டவே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

வசிப்பிட உரிமையின் கதையும் இதுவே. சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைச் சுருக்கியது. வீடுகள் பெரும்பாலும் மாமனார், மாமியார் பெயரில் இருக்கும் நாட்டில் இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த விளக்கம் தவறென்று நீதிமன்றமே 2020-இல் திருத்திக்கொண்டது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் தெருவில் நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2015 முதல் மாவட்டங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ஒரு முன்னேற்றமே. மருத்துவம், காவல், சட்ட உதவி, உளவியல் ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் என்பது நல்ல எண்ணம். ஆனால் அந்தத் தங்குமிடத்தின் வரம்பு பொதுவாக 5 நாள். ஆறாம் நாள் அவள் எங்கே போவாள்? நீண்டகாலக் காப்பகத்தில் இடம் இருக்க வேண்டும். இருந்தாலும், ஒரு வயது வரம்பைத் தாண்டிய மகனுக்கு அங்கே அனுமதி இல்லை. மகளோடு உள்ளே வா, மகனை வெளியே விடு என்று ஒரு தாயிடம் சொல்லும் விதி, சொல்லாமல் சொல்வது ஒன்றைத்தான்: வீட்டுக்கே திரும்பிப் போ.

இப்படிப் புகலிடத்தைக் கட்டத் தவறிய அரசமைப்பு, சமரசத்தைக் கட்டுவதில் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிறது. கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமை பற்றிய 498ஏ புகார்களைக் 'குடும்ப நலக் குழு'க்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று 2018-இல் அதே நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. பின்னர் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் அத்தகைய குழுக்களை மீண்டும் வகுத்தது. இரண்டு மாதக் காத்திருப்புக் காலம், அதுவரை கைது இல்லை என்ற அந்த நெறிமுறைகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. குழுவில் யார் அமரலாம் என்ற பட்டியலில், மாவட்டத்தின் மூத்த அதிகாரிகளுடைய படித்த மனைவியரும் இடம்பெறுகின்றனர். அதிகாரியின் மனைவி என்பது ஒரு தகுதியாகிவிட்டது. அடிபட்டவளுக்கோ இரண்டு மாதம் எங்கே தங்குவது என்பதற்கு அந்த நெறிமுறையில் விடை இல்லை.

பொய்ப் புகார்கள் பெருகுகின்றன, அதனால் இது தேவை என்பது வழக்கமான வாதம். ஒரு புகார் பொய்யா மெய்யா என்று கண்டறிவது புலனாய்வின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. இரு தரப்பையும் எதிரெதிரே அமர்த்தி விட்டுக்கொடுக்கச் சொல்வதால் பொய் வெளிப்படுவதில்லை. மெய்தான் களைத்துப்போகிறது.

பெண்ணே சேர்ந்து வாழ விரும்புகிறாளே என்பது இரண்டாவது வாதம். இது கனமான வாதம், உண்மையும்கூட. பலர் விரும்புவது வன்முறையின் முடிவை, மணவாழ்வின் முடிவையன்று. அவர்களின் விருப்பத்தை இகழ எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கையில் காசில்லாமல், தலைக்குமேல் கூரையில்லாமல், குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் இருப்பவள் சொல்லும் 'சம்மதம்' எந்த அளவுக்கு விருப்பம், எந்த அளவுக்கு நிர்ப்பந்தம்? வேறு வழி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டால்தான் அது கேள்வி. 2006-இன் விதிகள் இதை உணர்ந்திருந்தன. ஆலோசனை நடக்கும்போது எதிர்த்தரப்பு தன் வன்முறைக்கு நியாயம் சொல்ல இடமில்லை, இதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். எத்தனை சமரச மேசைகளில் இந்த வரி வாசிக்கப்படுகிறது? "அவள் என்ன செய்தாள்?" என்ற கேள்வியில் தொடங்கும் ஒவ்வோர் அமர்வும் அந்த விதிக்கு எதிரானது.

மாற்று வழி கற்பனையன்று. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் மும்பை காவல்துறை வளாகத்துக்குள்ளேயே பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கிப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை அமர்த்தியது. மும்பை மாநகராட்சி மருத்துவமனையில் உருவான 'திலாசா', விழுந்துவிட்டேன் என்று சொல்லிக் காயத்தோடு வரும் பெண்ணிடம் பேசும் பொறுப்பு மருத்துவத்துக்கும் உண்டு என்று நிலைநாட்டியது. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் 'சிநேகிதா' மையங்கள் உதவியைச் சுயஉதவிக் குழுப் பெண்களின் வலையோடு இணைத்தன. பெண் எங்கே வருவாளோ அங்கே காத்திருப்பதும், அவள் சொல்வதை முதலில் நம்புவதும், முடிவை அவளிடமே விடுவதும் ஆதரவின் அடிப்படைகள் என்பதை இத்தகைய பணிகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் வட்டந்தோறும் வேண்டும். ஆலோசகர்களுக்கு மாதந்தோறும் தவறாத, கௌரவமான ஊதியம் வேண்டும். மகனையும் ஏற்கும் காப்பகம் வேண்டும். வெளியேறிய முதல் ஆறு மாதத்துக்கு வாடகையும் உணவும் அரசின் பொறுப்பாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'சேர்த்து வைத்த குடும்பங்கள்' என்ற எண்ணிக்கையைச் சாதனைப் பட்டியலிலிருந்து அகற்ற வேண்டும். அனுப்பி வைத்தபின் ஓராண்டு கழித்து அவள் உயிரோடும் அச்சமின்றியும் இருக்கிறாளா என்று எவரும் எண்ணிப் பார்க்காதவரை, அந்த எண் எதையும் நிரூபிப்பதில்லை.

குடும்பம் உடையக் கூடாது என்று கவலைப்படுவோர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். முதல் அடி விழுந்த அன்றே அது உடைந்துவிட்டது. உதவி கேட்டு வெளியே வந்தவள் அதை உடைக்கவில்லை. உடைந்ததை ஊருக்குச் சொன்னாள், அவ்வளவே.