எர்துருல்: ஒரு வெள்ளிக்காசும் 150 அத்தியாயங்களும்

'திரிலிஷ் எர்துருல்' தொடரை நாங்களும் பார்த்தனாங்கள். இரவிரவா இருந்து ஐந்து பருவங்களையும் பார்த்து, துர்குத்தின் கோடரிக்கு விசிலடிச்ச ஆக்கள்தான் நாங்களும். அதனால, பார்க்காதீங்கோ எண்டு சொல்ல வரேல்லை. "எங்களிட்ட இருந்து மறைச்ச உண்மை வரலாறு இதுதான்" எண்டு பகிர்ந்து திரியிற ஆக்களோடதான் எங்கட சண்டை.

மறைக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? உஸ்மானின் வெள்ளிக்காசு ஒண்டில் 'எர்துருலின் மகன் உஸ்மான்' எண்டு பொறிச்சிருக்கு. எர்துருல் எண்டு ஒருத்தர் வாழ்ந்ததுக்கு அவருடைய காலத்துக்குக் கிட்டின சான்று அதுதான். மிச்சக் கதைகளில் பெரும்பகுதி 15ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் நூல்களில் இருந்து வருது. அதாவது, அவர் செத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல கழிச்சு எழுதினவை. அந்த நூல்கள் அவருடைய தகப்பன் ஆர் எண்டதிலயே ஒத்துப்போகேல்லை. ஒண்டு சுலைமான் ஷா எண்டுது, இன்னொண்டு குந்துஸ் அல்ப் எண்டுது. தொடரை எழுதின மெஹ்மெத் போஸ்தாகே, இந்தக் காலத்தைப் பற்றின தகவல் நாலைஞ்சு பக்கத்துக்கு மேல இல்லை எண்டு சொல்லியிருக்கிறார். அந்த நாலைஞ்சு பக்கம்தான் 150 அத்தியாயமா ஊதியிருக்கு.

ஹலிமாவை எடுங்கோ. எர்துருலின் மனைவியின்ர பெயரைப் பழைய ஒட்டோமான் நூல்கள் சொல்லுறதில்லை. சோகுத்தில் ஹலிமாவின் கல்லறை எண்டு காட்டுறது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் காலத்தில் வைச்சது. சரிஞ்சுகொண்டிருந்த பேரரசு தன்ர வேரை அலங்கரிச்ச காலம் அது. இண்டைக்கும் கதை அதுதான். 2015 பெப்ரவரியில், தொடரின் முதல் பருவம் ஓடிக்கொண்டிருக்கேக்க, துருக்கி இராணுவம் தாங்கிகளோட சிரியாவுக்குள்ள போய், சுலைமான் ஷாவுடையது எண்டு சொல்லப்படுற கல்லறையை இடம்மாத்தினது. தொடரை ஒளிபரப்பினதும் அரச தொலைக்காட்சிதான். 2020இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் இதை உருதுவில் போடச்சொன்னதும் வெறும் பொழுதுபோக்குக்காக இல்லை.

சரி, பழைய நூல்களையே நம்புவம் எண்டு வைச்சுக்கொள்ளுவம். அவை சொல்லுற குடும்பக்கதை தொடரை விடச் சுவையானது. ஆசிக்பாஷாஸாதே எழுதுறார்: கோடையில் மலைமேய்ச்சலுக்குப் போகேக்க உஸ்மானின் ஆக்கள் தங்கட சாமான்களைப் பிலெசிக் கோட்டையில், கிறிஸ்தவப் பிரபுவின் பொறுப்பில விட்டுட்டுப் போவினமாம். திரும்பி வரேக்க பாற்கட்டியும் கம்பளமும் பரிசாக் குடுப்பினமாம். பிறகு பகை வந்து, கலியாண விருந்தொண்டில் உஸ்மானைப் பிடிக்கச் சதி நடந்தபோது, அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் காப்பாத்தினவர் கொசெ மிஹால். அவரும் கிறிஸ்தவர்தான், முஸ்லிமா மாறினது பிறகு. சொந்தச் சித்தப்பன் துந்தாருக்கு என்ன நடந்தது? மறுத்துக் கதைச்சதுக்காக உஸ்மானே அம்பெய்து கொண்டார் எண்டு நெஷ்ரி எழுதுறார்.

கூட்டிப் பாருங்கோ. உயிரைக் காப்பாத்தினது கிறிஸ்தவச் சிநேகிதன், அம்பு பாய்ஞ்சது சொந்தச் சித்தப்பனில. அந்தக் குடும்பம் இதோட நிக்கேல்லை. 1595இல் மூன்றாம் மெஹ்மெத் அரியணை ஏறேக்க 19 சகோதரங்களைக் கொல்லுவிச்சார். அந்தச் சாவுகளுக்கு எந்தத் தெம்ப்ளர் வீரனும் காரணம் இல்லை. அரியணை ஆசைதான் காரணம்.

தொடரில எண்டா, கூடாரத்துக்குக் கூடாரம் ஒரு துரோகி இருப்பான், அவனை வெளியில இருந்து ஒரு எதிரி இயக்குவான். துரோகியின்ர தலை விழுந்தாப் பிரச்சினை முடிஞ்சுது. 150 அத்தியாயம் இதைப் பார்த்த கண், பக்கத்து வீட்டையும் அப்பிடித்தான் பார்க்கப் பழகும். துரோகி எண்ட ஒரு சொல் எங்கட மண்ணில் எத்தனை பேரைத் தின்னது எண்டு தெரிஞ்ச நாங்கள் இதுக்குக் கைதட்டேலாது.

தொடரைப் பாருங்கோ, குதிரையையும் வாளையும் ரசியுங்கோ. ஆனா வரலாறு எண்டு தம்பி தங்கச்சிக்குச் சொல்லிக்குடுக்க வெளிக்கிட்டா, கொசெ மிஹாலையும் துந்தாரையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அதைச் சொல்லத் துணிவில்லையெண்டா, வரலாறு எண்ட சொல்லை விட்டுடுங்கோ.